அணங்கோ, பிணியோ?

அச்சம் மனிதனோடு உடன்பிறந்தது. இருளைக் கண்டும் இடியைக் கேட்டும் நடுங்கிய மனிதன், தன் நடுக்கத்திற்கு ஒரு பெயரையும் உருவத்தையும் கொடுத்துப் பார்த்தான். பேய், பூதம், அணங்கு, சூர், அலகை, கூளி எனத் தமிழர் வழங்கிய பெயர்கள் பல. அச்சம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடங்களை நான்காக வகுத்த தொல்காப்பியர், அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை எனும் வரிசையில் அணங்கையே முதலில் வைத்தார். அவ்விடத்து உரை வகுத்த பேராசிரியர், பேய், பூதம், பாம்பு தொடங்கி இடியோசை வரை அணங்கினுள் அடக்குகிறார். இடியும் அணங்கு எனில், காரணம் விளங்காமல் நம்மை நடுங்கச் செய்வது எதுவோ அதுவே முன்னோர்க்கு அணங்காயிற்று என்று கொள்வதில் பிழையில்லை.

இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாக அமைந்தது வகுப்பறையில் எழுந்த ஒரு வினா. இளங்கலை மாணவியர்க்குக் குறிஞ்சிப்பாட்டு நடத்திக்கொண்டிருந்தோம். (கபிலர் தொகுத்த 99 பூக்களின் பெயர்களைத் தேர்வுக்காக மனனம் செய்யும் மாணவர், அப்பாட்டு எவ்வாறு தொடங்குகிறது என்பதை மறந்துவிடுவது ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி.) தலைவி மெலிகிறாள். செவிலி கலங்குகிறாள். ஊரில் குறி சொல்வாரை வினவுகிறாள். தெய்வங்களுக்குப் பூவும் புகையும் இட்டு வேண்டுகிறாள். இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "ஐயா, அந்தப் பெண்ணிடமே ஒருவரும் கேட்கவில்லையா?" என்றாள். வகுப்பு சிரித்தது. நமக்கோ சிரிப்பு வரவில்லை.

வெறியாட்டு

களவொழுக்கத்தில் தலைவனைப் பிரிந்த தலைவியின் உடல் வாடுகிறது, உணவு செல்லவில்லை, உறக்கம் இல்லை. தாய் இதனை அணங்கு தாக்கியதாகக் கருதுகிறாள். கட்டுவிச்சி வந்து முறத்தில் நெல்லைப் பரப்பிக் கட்டுப் பார்க்கிறாள். வேலன் வந்து கழங்கு உருட்டுகிறான். முருகனே இவளை வருத்தினான் என்று முடிவாகிறது. முற்றத்தில் களம் அமைத்து, மணல் பரப்பி, ஆட்டுக்குட்டியை அறுத்துத் தினையொடு பலியிட்டு, இரவெல்லாம் வெறியாடுகின்றனர். தொல்காப்பியம் கட்டு, கழங்கு, வெறி ஆகிய மூன்றையும் களவியலில் சுட்டுகிறது. எனவே இது யாரோ ஒரு புலவரின் கற்பனையன்று. அக்காலத்து இல்லங்களில் நிகழ்ந்த நிகழ்ச்சியே எனலாம்.

புலவர்கள் இச்சடங்கை எந்தப் பக்கம் நின்று பார்த்தனர் என்பதே நாம் நோக்கத்தக்கது. வெறியாட்டைப் பாடிய பாடல்கள் பலவற்றுள் நோயின் மெய்க்காரணம் அறிந்தவர் இருவர் மட்டுமே: தலைவியும் தோழியும். படிக்கும் நாமும் அவ்விருவர் பக்கத்தில் நிறுத்தப்படுகிறோம். நற்றிணை 34ஆம் பாட்டில் தோழி முருகனையே முன்னிலைப்படுத்திப் பேசுகிறாள். இந்நோய் தன்னால் வந்ததன்று என்று அறிந்திருந்தும் வேலன் அழைத்தவுடன் வந்து நின்ற தெய்வத்தின் அறியாமையை எடுத்துரைக்க அவள் தயங்கவில்லை. அகநானூறு 22ஆம் பாட்டில் தலைவி கூறுவது இன்னும் நுட்பமானது. வெறியாடிய இரவிலேயே காவலர் கண்ணுக்குத் தப்பித் தலைவன் வந்தான், நோய் தீர்ந்தது. தீர்த்தவன் ஒருவனாக இருக்க, தொடர்பில்லாத வேலனுக்காக வீட்டார் பட்ட பாட்டை எண்ணி அவள் தனக்குள் நகைத்துக்கொள்கிறாள். இப்பாட்டைப் பாடியவர் பெயரே வெறிபாடிய காமக்கண்ணியார் என்று வழங்குகிறது.

சடங்கு முடிந்தது, நோயும் குறைந்தது; ஆகவே சடங்கினால்தான் நோய் குறைந்தது என்று ஊர் முடிவு கட்டும். அவ்வாறு முடிவு கட்டுவதில் உள்ள பிழையை ஒரு பெண்ணின் நகைப்பினால் உணர்த்திய பாட்டு இது. அளவையியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அகப்பாடல் ஒரு சிரிப்பில் முடித்துவிட்டது.

வேலனை ஏமாற்றுக்காரனாகவோ தாயைக் கொடியவளாகவோ புலவர்கள் காட்டவில்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். தாய் அன்பினால் செய்கிறாள். வேலன் தான் நம்பியதையே செய்கிறான். ஆயினும் மகளின் நோய் அப்படியே இருக்கிறது. மாணவியின் வினாவிற்கு விடை சங்கப் பாடலுக்குள்ளேயே உண்டு. கேட்டவள் தோழி. கேட்டதோடு நில்லாமல் உரிய காலத்தில் செவிலிக்கு உண்மையை எடுத்துரைத்தவளும் அவளே. அறத்தொடு நிற்றல் என்று இலக்கணம் அதற்குப் பெயரிட்டது. உள்ளதைச் சொல்வதற்கு அறம் என்று பெயர் வைத்த மொழி நம்முடையது.

பேய் உயிர் உண்ணுமா?

இவ்வினாவை நேரடியாக எழுப்பிய காப்பியம் மணிமேகலை. சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் சார்ங்கலன் என்னும் இளைஞனின் கதை வருகிறது. புகார் நகரத்துச் சுடுகாட்டு வழியே தனியே சென்றவன், அங்கே தலையொன்றை ஏந்திக் கூத்தாடும் பேயைக் கண்டு வெருண்டான். வீட்டிற்கு ஓடி, தாயிடம் செய்தியைச் சொல்லி, அவள் முன்னிலையிலேயே உயிர் விட்டான். பார்வையற்ற கணவனுக்கு ஊன்றுகோலாக இருந்த ஒரே மகனை இழந்த தாய் கோதமை, சம்பாபதித் தெய்வத்தின் வாயிலில் நின்று முறையிடுகிறாள். தெய்வம் என்ன விடை கூறியது? அணங்கும் பேயும் அரிய உயிரை உண்பதில்லை. இவனது அறியாமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே உயிரைக் கொண்டுபோயிற்று என்பதே அதன் கருத்து. பேயே இல்லை என்று சாத்தனார் சொல்லவில்லை. சுடுகாட்டில் பேயை ஆடவிட்டு, கொலைப்பழியை மட்டும் அதன் மீதிருந்து நீக்கிவிடுகிறார். பௌத்தக் காப்பியம் ஆதலின் ஊழ் பேசப்படுகிறது. அது அச்சமயத்தின் கொள்கை. எனினும் அச்சத்தினால் இறந்தவனைப் பேய் அறைந்து இறந்தான் என்று சொல்லும் வழக்கத்தை, அக்காலத்திலேயே ஒரு புலவர் மறுத்துள்ளார்.

திருக்குறளிலும் பேய் உண்டு. ஆனால் உவமையாக உண்டு. உலகம் உண்டென்பதை இல்லை என்று மறுப்பவனை அலகை என்கிறார் வள்ளுவர். மருந்து என்னும் அதிகாரத்திற்கு வந்தால் பேயையும் காணோம், அணங்கையும் காணோம். வளி முதலிய மூன்றின் மிகுதியும் குறைவும், உண்ணும் அளவும், செரிமானமும், பின்னர் மருத்துவனின் கடமையுமே பத்துப் பாட்டிலும் பேசப்படுகின்றன. நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பார்ப்பவன் என நால்வகையாகப் பகுத்த இடத்தில் மந்திரிப்பவனுக்கு அவர் இடம் ஒதுக்கவில்லை.

பரணியில் கூழ் அட்டு உண்ணும் பேய்களும், காரைக்கால் அம்மையார் விரும்பி ஏற்ற பேய் வடிவும் தனி ஆய்விற்குரியன. நீலகேசியை மட்டும் ஒரு வரியேனும் சொல்லாது விட மனமில்லை. துறவியை அச்சுறுத்த வந்த பேய்மகள், அவர் அஞ்சாதிருந்ததைக் கண்டு அறங்கேட்டு, பின்னர் நாடெங்கும் சென்று சமயவாதம் புரியும் அறிஞையாக உயர்வது அக்காப்பியத்தின் கதை. பேய்க்கும் கேட்கும் செவி உண்டு என்று கருதிய சமணப் புலவரை நினைக்கும்போது, உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் ஜின்கள் ஈமான் கொண்ட செய்தியைத் தனிப்படலமாகப் பாடியது நினைவிற்கு வருகிறது. அங்கும் அவை ஓதக் கேட்டுத் திருந்தியவையே.

இப்னு ஸீனாவின் விடை

ஜின் எனும் படைப்பு உண்டு என்பது நமது நம்பிக்கை. அல்குர்ஆனின் 72ஆம் அத்தியாயம் அப்பெயராலேயே வழங்குகிறது. இதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஜின் உண்டு என்பது வேறு. உறக்கமின்றி நடுங்கிக்கொண்டிருக்கும் இந்தப் பெண்ணைப் பிடித்திருப்பது ஜின்தான் என்பது வேறு. முன்னது நம்பிக்கை. பின்னது நோய்க்கணிப்பு, அதில் மனிதன் தவறக்கூடும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் விளையும் தீங்குகளே மிகுதி.

இதனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெளிவுபடுத்தியவர் இப்னு ஸீனா (980-1037). அல்கானூன் ஃபித் திப் எனும் அவரது மருத்துவப் பெருநூல் 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் பாடநூலாக இருந்தது. கரும்பித்தத்தால் உண்டாவதாக அக்கால மருத்துவர் கருதிய மனச்சோர்வு நோயைப் பற்றிக் கூறுமிடத்தில், இது ஜின்னால் வருவதாகவும் சிலர் கருதினர் என்று அவர் குறிப்பிடுகிறார். பின்னர் அவர் தரும் விடை கூர்ந்து நோக்கத்தக்கது. மருத்துவம் கற்கும் நமக்கு அது ஜின்னால் வந்ததா அன்றா என்பது பொருட்டன்று. ஜின்னால் வருவதாயினும் உடலின் தன்மையைக் கரும்பித்தமாகத் திரித்தே அது நோய் விளைவிக்கும். ஆகவே அண்மைக் காரணம் கரும்பித்தமே. அதற்கு அப்பால் உள்ள காரணம் ஜின்னாயினும் ஆகுக, அன்றாயினும் ஆகுக என்பது அவர் கருத்து. நம்புபவனோடு அவர் வழக்காடவில்லை. அவன் நம்பிக்கையை அவனிடமே விட்டுவிட்டு, நோயாளியை மருத்துவனின் பக்கம் அழைத்துக்கொள்கிறார். கரும்பித்தக் கொள்கையை இன்றைய மருத்துவம் கைவிட்டுவிட்டது. அவர் சிந்தித்த முறைக்குப் பழமை ஏறவில்லை.

குறிஞ்சிப்பாட்டோடு ஒப்பவைத்து மகிழத்தக்க செய்தி ஒன்றும் கானூனில் உண்டு. காதல் நோயையும் அவர் நோய்களுள் ஒன்றாக வைத்து ஆராய்ந்துள்ளார். நோயாளி வாய் திறவாதபோது, அவன் நாடியைப் பற்றிக்கொண்டு பல பெயர்களைச் சொல்லிப் பார்க்கவேண்டும். எப்பெயருக்கு நாடி தடுமாறுகிறதோ அப்பெயரில் இருக்கிறது மருந்து. 12ஆம் நூற்றாண்டில் நிஸாமி அரூஸி பாரசீகத்தில் இயற்றிய சஹார் மகாலா எனும் நூல், இம்முறையைக் கதையாகவே சொல்கிறது. குர்கான் நாட்டு அரசர் காபூஸின் உறவினனான இளைஞன் காரணம் அறியாத நோயால் கிடக்கிறான். இப்னு ஸீனா அவன் மணிக்கட்டைப் பற்றியபடி, ஊரறிந்த ஒருவரை அழைத்து நகரின் பகுதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் செய்கிறார். ஒரு பகுதியின் பெயருக்கு நாடி துள்ளுகிறது. பின்னர் அப்பகுதியின் தெருக்கள், தெருவின் வீடுகள், வீட்டிலுள்ளோர் பெயர்கள். இறுதியில் ஒரு பெண்ணின் பெயர். மருந்து திருமணம் என்கிறார் மருத்துவர்! இப்னு ஸீனா சென்றடைவதற்கு முன்பே காபூஸ் இறந்துவிட்டார் என்பது அவரது தன்வரலாற்றாலேயே தெரிவதால், கதையை வரலாறாகக் கொள்வதற்கில்லை. முறையோ கானூனில் உள்ளது. கழங்கு உருட்டிக் கேட்டால் கழங்கு பேசும். நாடியைப் பற்றிக் கேட்டால் நோயாளி பேசுவான். நம் குறிஞ்சி நிலத்துத் தோழி செய்ததும் இதுவேயன்றோ?

மன்னர்களும் இதனை உணர்ந்திருந்தனர். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளர்க்குத் தனிப்பகுதி இருந்தது. துருக்கியின் எதிர்னே நகரில் இரண்டாம் பாயஸீத் 1488இல் நிறுவிய மருத்துவமனையில் நோயாளர்க்கு இசை வழங்கப்பட்டதைப் பயணி எவ்லியா செலபி எழுதி வைத்துள்ளார். போரில் புண்பட்ட வீரனைப் பேய் அணுகாதிருக்க வேம்பும் இரவமும் மனையில் செருகி, வெண்கடுகு சிதறி, யாழ் இசைத்துக் காத்த புறநானூற்றுப் பெண்டிரும் (பாட்டு 281) இவ்விடத்தில் நினைவிற்கு வருகின்றனர். பேய்க்கு அஞ்சிச் செய்ததாயினும், அவர்கள் நோயாளியைக் கட்டிப்போடவில்லை, அருகிருந்து பேணினர்.

சங்கிலி

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். எழுந்து ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். இச்செய்தியை அன்று நாளேட்டில் படித்தோர் இன்றும் மறந்திரார். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஏர்வாடியில் இருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடல் ஆகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வெளிப்படையாகத் தடுத்துள்ளது. ஏர்வாடியில் மருந்தும் துஆவும் இணைந்து செல்லும் வகையில், நேர்ச்சைக்கு வருவோரை மனநல மருத்துவரும் பார்க்கும் ஏற்பாட்டைப் பின்னாளில் அரசு செய்தது.

இது ஒரு சமயத்தாரின் குறையன்று. குணசீலத்துப் பெருமாள் கோயிலிலும் புளியம்பட்டி அந்தோணியார் திருத்தலத்திலும் இத்தகைய நோயாளரைக் கொண்டுவந்து தங்கச் செய்யும் வழக்கம் உண்டு. வேறு எங்கும் கதி இல்லை என்று வருவோரே மிகுதி. அவர்கள் அவ்விடங்களில் பெறும் ஆறுதலைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. சங்கிலிக்கு மட்டும் எச்சமயமும் சான்று தாராது. மருந்தில்லாத நோயை இறைவன் இறக்கவில்லை எனும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை நாம் மேடைகளில் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். மனத்தின் நோயை அதிலிருந்து விலக்கிவைக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது?

அமுக்குவான் பேய் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நள்ளிரவில் விழித்தால் நெஞ்சின்மேல் யாரோ அமர்ந்திருப்பது போன்ற உணர்வு, கை கால் அசையாது, குரல் எழாது. கனவு காணும் உறக்கநிலையில் உடலின் தசைகள் தளர்ந்து கிடக்கும். அந்நிலை நீங்குமுன் உள்ளம் விழித்துக்கொள்வதால் இது நேர்கிறது என்பர் மருத்துவர். ஓரிரு நிமிடங்களில் தானே தெளியும். இவ்வளவு எளிய செய்தியை அறியாமையால் திருமணப் பேச்சு நின்றுபோன வீடுகளை நாம் அறிவோம். விளங்காதவை இன்னும் உலகில் எத்தனையோ உண்டு. விளங்கியதையாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே.

நாம் கண்டது

நாம் ஐந்தாம் வகுப்பில் பயின்ற காலத்தில், நம் பெரியவாப்பாவின் மகளான ராத்தாவுக்கு முதற்பிள்ளை பிறந்தது. பத்தாம் நாள் அளவில் அவர் பேச்சு மாறிற்று. பிள்ளையைப் பார்த்து, "இது என்னுடையதன்று" என்றார். சுவரைப் பார்த்துப் பேசினார். மஃரிபு நேரத்தில் கொல்லைப்புறத்துப் புளியமரத்தடிக்குப் போனதால் வந்தது என்று வீட்டில் முடிவாயிற்று. தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், பீங்கானில் எழுதிக் கரைத்துக் கொடுத்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். இவற்றால் யாருக்கும் தீங்கில்லை. பின்னர் வெளியூரிலிருந்து ஒருவர் வரவழைக்கப்பட்டார். கதவு சாத்தப்பட்டது. மிளகாய் வற்றல் சுட்ட நெடி தெருவரை வந்ததும், உள்ளிருந்து பிரம்பின் ஓசை கேட்டதும் நம் நினைவில் இருக்கின்றன. திண்ணையில் இருந்த பெரியவர்கள் தலைகுனிந்திருந்தனர். நாம் ஓடிப்போய்ப் பள்ளிவாசல் ஹவுளின் கரையில் அமர்ந்துகொண்டோம்.

சில நாட்கள் கழித்து எங்கள் பள்ளிவாசலின் முதிய அசரத்து அவர்களை அழைத்து வந்தனர். அவர் யாஸீன் ஓதினார். ஓதி முடித்ததும் புறப்படவில்லை. திரைக்கு இப்பால் அமர்ந்தபடியே, "மகளே, நீ உறங்கி எத்தனை நாளாகிறது?" என்று கேட்டார். உள்ளிருந்து வெகுநேரம் விடை இல்லை. பிறகு ராத்தாவின் குரல் கேட்டது. "தெரியவில்லை அசரத்து. பிள்ளை பிறந்ததிலிருந்து இல்லை." அசரத்து பெரியவாப்பாவை நோக்கி, "துஆவை நான் செய்கிறேன், நீங்கள் விடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்றார். வீட்டார் தயங்கினர். வண்டிக்கும் அவரே சொல்லிவிட்டுப் போனார்.

ஆயிரம் மகப்பேற்றுக்கு ஓரிருவர்க்கு இந்நோய் வரும் என்பதும், பிள்ளை பிறந்த முதல் இரு வாரங்களில் பெரும்பாலும் தோன்றும் என்பதும், உறக்கம் கெடுவது அதன் முன்னறிகுறிகளுள் ஒன்று என்பதும், உரிய காலத்தில் மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் முற்றும் குணமடைவர் என்பதும் பின்னாளில் நாம் படித்தறிந்தவை. ராத்தா மூன்று மாதத்தில் தேறினார். பிரம்பின் தழும்பு இடது முழங்கையருகே இன்றும் இருக்கிறது. அவரிடம் ஒருமுறை அந்நாட்களைப் பற்றிக் கேட்டோம். புளியமரத்தடிக்குத் தாம் போகவே இல்லை என்றார்.